கழித்து எழுதிய மழை

அத்தியாயம் பதினான்கு

மூன்றாவது நாளாக மழை விடவில்லை. ஜீவராணியும் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிரதேச செயலகத்தின் அனர்த்தப் பிரிவு என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. இரண்டு மேசை, மூன்று தொலைபேசி, சுவரில் ஈரம் ஏறிய ஒரு வரைபடம். பெரிய மேசை வீரக்கோன் சேருடையது. சின்ன மேசை பிரதி அதிகாரி ஜீவராணியுடையது. கூட்டத்துக்கென்று நுவரெலியா போன சேர், பாதையில் இரண்டு இடத்தில் மண் விழுந்ததால் அங்கேயே மாட்டிக்கொண்டார். அதனால் இரண்டு நாளாக இரண்டு மேசையும் இவள் பாடுதான்.

பிரதி என்றால் பொறுப்பு முழுசு, கையெழுத்து அரைவாசி. ஓரிடத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் நூற்றைம்பது மில்லிமீற்றர் மழை பெய்தால், அந்த இடத்து ஆட்களை வெளியேற்றச் சொல்லி அவளே கடிதம் எழுதலாம். ஒரு மில்லிமீற்றர் குறைந்தாலும் சேருடைய சம்மதம் வேண்டும்.

அக்டோபரில் நடந்தது வாசகர்களுக்கு மறந்திருக்காது. மறந்தவர்களுக்காக நாலு வரி. அன்றைக்கு நூற்றுப்பதினைந்துதான். ஜீவராணி சேரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கி, ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி செய்ய வைத்தாள். அவள் பிறந்து வளர்ந்த லயம் அது. அன்றைக்குத்தான் அவள் தம்பி மனைவி ஷாமிலாவுக்கு வளைகாப்பு. டிக்கோயாவிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆக்கிய ஏழுவகைச் சோறும் அடுப்படியிலேயே ஊசிப்போனது. பன்னிரண்டு குடும்பமும் நாலு நாள் பாடசாலைத் தரையில் படுத்துக்கிடக்க, வானம் பளிச்சென்று வெளுத்து வேடிக்கை பார்த்தது.

அன்றிலிருந்து தோட்டத்தில் அவளுக்குப் பெயர் ‘மண்சரிவு அக்கா’. தம்பி விஜிதரன் ஆறு வாரமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போதாததற்கு ஒரு மொட்டைக் கடிதமும் வந்தது. ஆபத்தான லயங்களுக்குப் புது வீடு கொடுக்கிறார்களாம், அந்தப் பட்டியலில் சொந்தக்காரரை ஏற்றத்தான் பிரதி அதிகாரியம்மா பொய் மழை காட்டினாராம். சேர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இன்றைக்கு நண்பகல் பன்னிரண்டுக்குத் தொலைபேசி அடித்தது.

“ஊசிப்பாறைத் தோட்டம், மேல் பிரிவு, பன்னெண்டு மணி.”

அப்பாதான். செல்லசாமி, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. முப்பத்தொரு வருடம் கொழுந்து மடுவத்துத் தராசுக்குப் பக்கத்தில் நின்று, பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்து எழுதியவர். அந்தத் தோட்டத்துத் தானியங்கி மழைமானி இடி விழுந்து போன வருடமே மூச்சை விட்டது. பதிலுக்குக் கையால் அளக்கும் மழைமானி ஒன்றை லயத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டி மேட்டில் நட்டபோது, நேரம் தவறாத, கையெழுத்து அழகான ஆள் வேண்டும் என்றார்கள். ஜீவராணிதான் அப்பாவின் பெயரைச் சொன்னாள். காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. மூன்று வேளையும் மேடேறிக் குழாயில் நிற்கும் தண்ணீரை அளந்து, கொப்பியில் எழுதி, போன் பண்ணுவது வேலை. வேலை நேரத்தில் மகள் என்ற பேச்சே கிடையாது.

“சொல்லுங்கப்பா.”

“முப்பத்தேழு மில்லிமீற்றர். முப்பது, ஏழு.”

நேற்று மாலை நாற்பத்தொன்று. இன்று காலை ஐம்பத்தெட்டு. இப்போது முப்பத்தேழு. கூட்டினாள். நூற்று முப்பத்தாறு. பதினாலு குறைகிறது.

படிவத்தில் இலக்கத்தை எழுதினாள். கீழே வழக்கமான கட்டம்: ‘வாசிப்பாளர் பாதுகாப்பான இடத்தில் உள்ளாரா? ஆம் / இல்லை.’ எல்லா நாளும் போல ‘ஆம்’ என்பதில் கோடு போட்டாள்.

“சாப்பிட்டியா?” என்றார் அப்பா. இலக்கம் சொல்லி முடித்த பிறகுதான் இந்தக் கேள்வி வரும்.

“இனிமேதான்ப்பா.”

“நேரத்துக்குச் சாப்புடு.” வைத்துவிட்டார்.

அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது கைத்தொலைபேசி அதிர்ந்தது. ஷாமிலா. புருசன்காரன் பேசாவிட்டாலும் அவள் ஒளித்து மறைத்துப் பேசுவாள். இது ஒன்பதாவது மாதம். நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

“மதினி, ஒரு விசயம். சிரிக்காதீங்க.”

“சொல்லும்மா.”

“பீலித் தண்ணி நின்னுபோச்சு.”

ஜீவராணி பெட்டியை மூடினாள். “என்னா சொல்ற? இந்த மழையிலயா?”

“ஆமா மதினி. காலையில கலங்கலா, செம்மண்ணாட்டம் வந்துச்சு. இப்ப சொட்டுக்கூட இல்ல. பொம்பளைங்க எல்லாம் கூரைத் தண்ணியத்தான் பிடிக்கிறாங்க. வறட்சியிலகூட நிக்காத பீலி இது.”

மலைக்குள்ளிருந்து வந்து பீலிக் குழாயில் விழும் ஊற்று, கொட்டுகிற மழையில் நிற்கிறதென்றால் அந்தத் தண்ணீர் வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். மண்ணுக்குள்ளே போகிறது. இதைத் தெரிந்துகொள்ள அவளுக்குப் பயிற்சி வகுப்பெல்லாம் தேவைப்படவில்லை.

“நீ ஒரு பையில உன் சாமானெல்லாம் எடுத்து வை. ஆஸ்பத்திரிக் கொப்பியையும் வை. நான் கூப்புடுறேன்.”

சேருக்கு எடுத்தாள். நாலாவது முறைதான் கிடைத்தார். சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள்.

“ஊசிப்பாறை எவ்வளவு?” என்றார் எடுத்ததும்.

“நூற்று முப்பத்தாறு சேர். ஆனால் பீலி நின்றுவிட்டது. கலங்கல் வந்து நின்றிருக்கிறது. நீங்கள் சம்மதம் சொன்னால்...”

“யார் சொன்னது?”

அவள் ஒரு கணம் தயங்கினாள். “என் தம்பி மனைவி.”

மறுமுனையில் பெருமூச்சு. “ஜீவா மிஸ், உங்களை நான் நம்புகிறேன். அக்டோபரிலும் நம்பினேன். அதற்கு நான் மூன்று பக்கத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நூற்றைம்பது வரட்டும், என்னைக் கேட்கவே வேண்டாம், நீங்களே எழுதுங்கள்.”

கெட்ட மனுசனில்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் ஆத்திரப்படவாவது செய்யலாம்.

ஜீப்பை எடுத்துக்கொண்டு தானே போய்விடலாமா என்று சாரதியைக் கேட்டாள். தோட்டப் பாதையில் பெரிய சவுக்கு மரம் ஒன்று குறுக்கே கிடக்கிறது, வெட்டி எடுக்கப் பொழுது சாய்ந்துவிடும் என்றான் அவன். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு எடுத்தாள். துரை மரியாதையாகத்தான் பேசினார். “லெட்டர் அனுப்புங்க மிஸ். அடுத்த நிமிஷம் ஸ்கூலத் தெறந்து லொறியும் தர்றேன். லெட்டர் இல்லாம தெறந்தா எனக்கு மேல கேப்பாங்க.”

எல்லாருக்கும் மேலே கேட்க ஒருவர் இருந்தார். மலைக்கு மேலே மட்டும் யாருமில்லை.

ஒருவேளை அப்பா அவசரத்தில் பார்த்திருந்தால்? பதினாலு மில்லிமீற்றர் என்பது ஒரு விரல்கடை. அந்த நப்பாசையில் அப்பாவுக்கே எடுத்தாள்.

“அப்பா, பன்னெண்டு மணிக் கணக்க இன்னொருக்கா சொல்லுங்க. சரியாத்தானே பாத்தீங்க?”

செல்லசாமிக்குச் சுருக்கென்றது. அவருடைய இலக்கத்தைச் சரியா என்று இதுவரை எந்தத் துரையும் கேட்டதில்லை. “கொப்பி கையிலதான் இருக்கு. கழிச்சு முப்பத்தேழு.”

ஜீவராணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

“என்னாப்பா கழிச்சு?”

“கழிச்சுத்தான். எப்பவும் போல.”

“எதக் கழிச்சீங்க?”

“என்னா பிள்ள, கணக்கப்பிள்ளை வீட்டுல பொறந்துட்டு இப்புடிக் கேக்குற? ஈரக் கொழுந்த அப்புடியேவா எழுதுவாங்க? கூடையில ஒட்டுன தண்ணிக்கு மூணு கிலோ கழிச்சுத்தானே எழுதுவோம். அதே மாதிரிதான். சவுக்கு மரத்துலருந்து சொட்டுறது, விடியக்காலப் பனி, குழாய் வாயில ஒட்டிக்கிட்டு நிக்கிறது, இதெல்லாம் மழையா? காலையில பத்து, மத்த ரெண்டு வேளையும் அஞ்சஞ்சு. நியாயமாத்தான் கழிக்கிறேன்.”

“எப்பலருந்து?”

“மொத நாள்லருந்து.”

ஜீவராணி கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து, பத்து, ஐந்து. இருபது. நூற்று முப்பத்தாறும் இருபதும் நூற்று ஐம்பத்தாறு. ஒன்றே முக்கால் மணி நேரமாக அந்தக் கடிதம் அவள் கையிலேயே இருந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியாது.

“அப்பா...” என்றாள். அவரைத் திட்ட முடியவில்லை. மழைமானியை அவர் கையில் கொடுத்தபோது எப்படி வாசிப்பது என்று சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். கழிக்கக் கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை. மழையை யாராவது கழிப்பார்களா?

“கழிச்சதக் கூட்டினா நூத்தைம்பத்தாறுப்பா. நூத்தைம்பது வந்தா மலை நிக்காதுன்னு சொன்னேனே.”

அவர் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

மறுபடி சேர். மூச்சுவிடாமல் சொன்னாள். சேர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் குரலில் ஈரம் இருந்தது, ஆனால் சம்மதம் இல்லை.

“நீங்களே யோசியுங்கள் மிஸ். எழுதிக் கையெழுத்துப் போட்ட இலக்கம். வாசித்தவர் உங்கள் அப்பா. லயம் உங்கள் லயம். பன்னிரண்டு மணிக்குக் குறைவாக இருந்தது இப்போது கூடிவிட்டது, அதுவும் நீங்கள் என்னிடம் கேட்டு நான் மறுத்த பிறகு. அந்த மொட்டைக் கடிதம் எழுதியவன் இதைப் பார்த்தால் என்ன சொல்வான்? திருத்தினால் உங்கள் வேலை போகும். அது போகட்டும். அடுத்த முறை நீங்கள் எழுதும் கடிதத்தை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.”

“அதுவரைக்கும் மலை இருக்க வேண்டுமே சேர்.”

“ஆறு மணி வாசிப்பு வரட்டும். எழுதிய கணக்கிலேயே நூற்றைம்பது தாண்டினால் ஒருவராலும் வாய் திறக்க முடியாது.”

ஆறு மணிக்கு நேற்று மாலைக் கணக்கு விழுந்துவிடும். இன்று காலையும் நண்பகலும் எழுதியது தொண்ணூற்றைந்து. இன்னும் ஐம்பத்தைந்து வேண்டும். அதற்கு நாலு மணி நேரம் இருக்கிறது. அவள் சன்னலைப் பார்த்தாள். பெய்து தொலை என்று வேண்டிக்கொள்வதா, நின்று தொலை என்று வேண்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

கடைசியாகத் தம்பிக்கு எடுத்தாள். ஆறு வாரமாக எடுக்காதவன் இன்றைக்கு எடுத்தான். பேசவில்லை. ஆட்டோ என்ஜின் சத்தத்தில் அவன் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

“விஜி, என்கிட்டப் பேச வேணாம். அப்பாகிட்டப் பேசு. அவரு ஒண்ணு சொல்லுவாரு. அத மடுவத்துல எல்லார் முன்னாலயும் சொல்லச் சொல்லு. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

*

கொழுந்து மடுவத்தில் இரண்டு மணி நிறுவை முடிந்திருந்தது. மழை அறைந்ததால் பெண்கள் மலைக்குத் திரும்பாமல், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு சொட்டச் சொட்ட வரிசையாகக் குந்தியிருந்தார்கள். மேல் லயத்தவர்களும் அதற்குக் கீழே உள்ள பணிய லயத்தவர்களும் கலந்து இருந்தார்கள்.

விஜிதரன் அப்பாவைக் குடைக்குள் கூட்டி வந்தான். வரும் வழியில் அவர் விசயத்தைச் சொல்லியிருந்தார். அவனுக்கு அக்கா மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அப்பா மேல் வைக்கவும் மனசு வரவில்லை. பொலித்தீன் சுற்றிய கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்த அந்த மனிதர், திடீரென்று ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார்.

செல்லசாமி உள்ளே வந்து, நினைத்துப் பார்க்காமலே தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கால் பழகிய இடம்.

“எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க,” என்றார். “மழைக்கணக்கு நான்தான் எழுதுறேன். தெரியும்ல. அதுல நான்... கழிச்சு எழுதிட்டேன்.”

யாருக்கும் புரியவில்லை. ராக்காயிதான் முதலில் சிரித்தாள். “என்னா கணக்கப்பிள்ளை, மழையிலயுமா?”

மடுவம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஒருத்திக்குப் புரையேறி இன்னொருத்தி முதுகில் தட்டினாள். செல்லசாமி காது வரை சிவந்து நின்றார். முப்பத்தொரு வருடம் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் அவர் முன்னால் யாரும் சத்தமாகச் சிரித்ததில்லை.

“நூத்தி முப்பத்தாறுன்னு சொன்னேன். கழிக்காம நூத்தைம்பத்தாறு. நூத்தைம்பது தாண்டினா லயத்துல இருக்கக் கூடாதுன்னு சட்டம். எம்மகளுக்கு நான் பொய்க் கணக்குக் குடுத்துட்டேன். வேணும்னு குடுக்கல. பழக்கம்.”

சிரிப்பு மெல்ல அடங்கியது.

“அக்டோபர்லயும் இப்புடித்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க,” என்று யாரோ முணுமுணுத்தார்கள். “நாலு நாள் பேரும் சம்பளமும் போச்சு. மண்சரிவு அக்காவுக்கு வேற வேலையில்ல.”

வேலாயி எழுந்தாள். மேல் லயத்துக் கடைசி வீட்டுக்காரி. கூடையை இழுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“மண்சரிவு அக்கா சொன்னா நானும் நம்ப மாட்டேன். ஆனா இந்த மனுசன் கழிச்சேன்னு சொன்னா நம்புவேன். இருபத்தோரு கிலோவத் தூக்கிக்கிட்டு வந்து வைப்பேன், பதினெட்டுன்னு எழுதுவாரு. எத்தன வருசம்! என் முதுகுக்குத் தெரியும் எவ்வளவுன்னு. இவரு பொஸ்தகத்துல இருக்கிறதுக்கு மேலதான் எப்பவும் இருந்திருக்கு. ஒரு நாளாவது கொறஞ்சிருக்கா?”

வேலாயி இடுப்புச் சாக்கை அவிழ்த்து உதறினாள்.

“பீலியும் நின்னுபோச்சு. எந்திரிங்கடி. பிள்ளைகளத் தூக்குங்க.”

அவர்கள் எழுந்தார்கள். யாரும் செல்லசாமியைத் திட்டவில்லை. ஒருத்தி மட்டும் அவரைத் தாண்டிப் போகும்போது, “நல்ல காலம், இன்னைக்காவது சொன்னீங்களே,” என்றாள். மழையைத்தான் சொன்னாளா, கொழுந்தையும் சேர்த்துச் சொன்னாளா என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை. தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாலரை மணிக்குள் மேல் லயத்துப் பன்னிரண்டு குடும்பமும் எதிர்மலைக் கோயில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஷாமிலாவை விஜிதரன் ஆட்டோவில் வைத்து, பாதி தூரம் ஓட்டி, பாதி தூரம் தள்ளிக் கொண்டுபோனான்.

ஆனால் அதே மலைக்குக் கீழே பணிய லயத்தில் நாற்பது குடும்பம். மண்டபத்தில் அவர்களுக்குக் கால் வைக்க இடமில்லை. பாடசாலைக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். தாம்போதிப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, லொறி இல்லாமல் முடியாது. லொறிக்கும் பாடசாலைச் சாவிக்கும் துரை. துரைக்குக் கடிதம். கடிதத்துக்கு ஐம்பத்தைந்து மில்லிமீற்றர்.

மண்டபத்து வாசலில் நின்று விஜிதரன் இதையெல்லாம் பணிய லயத்து ஆட்களிடம் சொன்னான். பக்கத்தில் நின்ற செல்லசாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

*

ஐந்தரை மணி. ஜீவராணி படிவத்தைத் தயாராக எழுதி வைத்திருந்தாள். தோட்டத்தின் பெயர், பிரிவு, குடும்பங்களின் எண்ணிக்கை, தங்கவைக்கும் இடம், எல்லாம் எழுதியாயிற்று. இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். செய்வதற்கு இனி ஒன்றுமில்லை. அவள் வேலையில் அவள் மிகவும் பயப்படுவது இந்த ஒன்றுமில்லாத நேரத்துக்குத்தான்.

ஆறு மணி வாசிப்பை யார் எடுப்பது என்பதைப் பற்றி அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டு, யாரையும் அந்த மேட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று முடிவெடுத்திருந்தாள். அப்படியானால் கடிதம்? சேரிடம் மறுபடி கெஞ்சலாம். வேலையே போனாலும் பரவாயில்லை என்று பொய்யாக ஓர் இலக்கம் எழுதலாம். பேனாவை எடுத்தாள், வைத்தாள்.

ஐந்து ஐம்பதுக்குக் கைத்தொலைபேசி அடித்தது. விஜி.

“அக்கா.”

ஆறு வாரத்துக்குப் பிறகு கேட்ட சொல். அதற்குச் சந்தோசப்பட முடியாமல் போனதுதான் கொடுமை.

“அக்கா, அப்பாவக் காணோம். மண்டபத்துல இல்ல. குடையும் இல்ல.”

“கொப்பி?”

“அதையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. நான் போய்க் கூட்டிக்கிட்டு வர்றேன்.”

“போகாத!” அவளுக்கே தன் சத்தம் பயமாக இருந்தது. “நீ ஷாமிலாகிட்ட இரு. நான் பேசுறேன். நீ அந்த மலையில கால் வைக்கக் கூடாது, கேட்டியா?”

அப்பாவுக்கு எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“தொட்டி மேட்டுல.”

“இறங்குங்க. இப்பவே இறங்குங்க. நான் உங்கள அங்க போகச் சொன்னேனா?”

“நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். ஆறு மணிக் கணக்கு வேணுமில்ல?”

“வேணாம்ப்பா. வாங்க.”

“பணிய லயத்துல நாப்பது குடும்பம் நிக்குது பிள்ள.”

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. “சரி. அப்ப இருக்கிறதப் பாத்துச் சொல்லிட்டு ஓடி வாங்க. இப்ப எவ்வளவு நிக்குது?”

“மணி அஞ்சு அம்பத்திரண்டு.”

“அப்பா!”

“ஆறு மணி ஆகட்டும். எட்டு நிமிசம்தானே. அதுக்கு முன்னால அளந்தா, நேரம் தப்பி எழுதுனாரு செல்லசாமின்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். அத வச்சே உன் கடிதத்தக் கிழிப்பாங்க. ஒரு தடவ என்னால நீ தலை குனிஞ்சது போதும்.”

“யாரும் சொல்ல மாட்டாங்கப்பா. நான்தானே எழுதுறேன். என் பேச்சக் கேளுங்க.”

“போன வச்சிரு. பேட்டரி ஒரு கோடுதான் இருக்கு.”

வைத்துவிட்டார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். எட்டு நிமிடத்தில் ஒரு மனிதர் அந்த மேட்டிலிருந்து இறங்கி, லயத்தைத் தாண்டி, எதிர்மலைப் பாதையைத் தொட்டுவிடலாம். அவளும் சின்ன வயதில் ஓடியிருக்கிறாள். அந்த எட்டு நிமிடமும் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு மழைமானிக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரைத் தெரியும். இத்தனை வருடத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஒரு நிமிடம் முந்தியதுமில்லை, பிந்தியதுமில்லை. ஜீவராணிக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள். இலக்கம் எழுதும்போது கண் தெரிய வேண்டும்.

சரியாக ஆறு மணிக்கு அடித்தது.

“ஊசிப்பாறைத் தோட்டம், மேல் பிரிவு, ஆறு மணி.”

“சொல்லுங்கப்பா.”

“எழுபத்தொம்பது மில்லிமீற்றர். எழுபது, ஒம்பது.” கொஞ்சம் நிறுத்தினார். “ஒண்ணும் கழிக்கல.”

“எழுதிட்டேன். இறங்குங்கப்பா.”

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்,” என்று பொய் சொன்னாள். “ஓடுங்கப்பா...”

இணைப்பு போய்விட்டது. பேட்டரிதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

தொண்ணூற்றைந்தும் எழுபத்தொன்பதும் நூற்று எழுபத்துநான்கு. எழுதினாள். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டுப் படம் பிடித்துத் துரைக்கு அனுப்பினாள். ஆறு மணி மூன்று நிமிடத்துக்குத் துரை எடுத்து, “கெடச்சிருச்சு மிஸ். லொறி கெளம்புது,” என்றார். ஆறு ஐந்துக்கு விஜிதரன் எடுத்தான். அவன் பேச்சுக்குப் பின்னால் மண்டபத்தில் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவது கேட்டது.

“அக்கா, மேல சத்தம் கேக்குது. லொறிச் சத்தம் மாதிரி. லொறி இல்லக்கா.”

“அப்பா வந்துட்டாரா?”

“மூடுபனி எறங்கிருச்சு. ஒண்ணும் தெரியல.”

அவள் அப்பாவுக்கு எடுத்தாள். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் மூன்று மொழியில் அழகாகச் சொன்னாள். மறுபடி எடுத்தாள். மறுபடி அதே பெண்.

மேசையில் படிவம் கிடந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, கடைசிக் கட்டத்தைத் தவிர. வாசிப்பாளர் பாதுகாப்பான இடத்தில் உள்ளாரா? ஆம் / இல்லை.

ஜீவராணி பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.